கேளாமல் வரும் கடிதம்

கள்ளக்குறிச்சி ஜில்லாவில், கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகிலுள்ள வடக்கனந்தலிலிருந்து நண்பரொருவர் நமக்கு ஒரு கேள்வி எழுதியிருக்கிறார். அவர் சொற்ப நிலத்தில் மரவள்ளி பயிரிடுகிறவர். மலையிலிருந்து வரும் தேன், சாமை, கடுக்காய் முதலியவற்றை வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் சிறு வர்த்தகமும் அவருக்குண்டு. சென்ற மாதம் ஒருவர் அவரிடம் வந்து, 10,000 பேருடைய மின்னஞ்சல் முகவரிகள் அடங்கிய ஜாபிதா ஒன்று தம்மிடம் இருக்கிறதென்றும், அதைக் குறைந்த விலைக்குத் தருவதாகவும், ஒரே இரவில் அத்தனை பேருக்கும் சரக்கின் விவரத்தை அனுப்பிவிடலாமென்றும் ஆசை காட்டினாராம். “முன்பின் அறியாத கம்பெனிகள் எனக்கு அனுப்பும் கடிதங்களைத் தினந்தோறும் வைதுகொண்டே அழிக்கிறேன். அதையே நான் பிறருக்குச் செய்யலாமா? செய்யாவிட்டால் பட்டணத்துக் கடைக்காரருக்கு என் சரக்கு இருப்பது எப்படித் தெரியும்?” என்பது அவருடைய கேள்வி.

கேள்வி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இன்று கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொரு பிரஜையும் இதில் சம்பந்தப்பட்டவனே. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, பட்டம் வேண்டுமா என்று கேளாமல் வரும் கடிதங்களைத் தள்ளிவிட்டே நாம் நமக்கு வேண்டிய கடிதத்தைத் தேடி எடுக்கிறோம். இது வெறுந்தொல்லையா, அல்லது அநீதியா? அநீதியெனில் எங்கே அநீதி? இதைத் தெளிவுபடுத்திக்கொண்டாலன்றி நண்பருக்கு நேர்மையாக விடை கூற இயலாது.

திண்ணையும் உள்ளறையும்

நம் ஊர் வீடுகளில் திண்ணையென்று ஒன்று உண்டு. வளையல்காரரும் துணிமூட்டைக்காரரும் அதில் மூட்டையை இறக்கி வைத்துக் குரல் கொடுப்பார்கள். வேண்டாமென்று உள்ளிருந்து பதில் வந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அவர்களும் கேளாமல் வந்தவர்களே. ஆயினும் அவர்கள் வந்ததைத் தப்பென்று ஊரில் யாரும் சொன்னதில்லை. காரணம் யாதெனில், வெயிலில் நடந்தவர் அவர். சுமையைச் சுமந்தவர் அவர். தம் முகத்தைக் காட்டி நின்றவரும் அவரே. வேண்டாமென்ற சொல்லுக்கு அவர் கட்டுப்பட்டார். திண்ணையைத் தாண்டி அவர் உள்ளே வரவுமில்லை.

ஆகவே கேளாமல் வருவது மாத்திரமே குற்றமாகாது. யாருடைய செலவில் வருகிறான், முகத்தைக் காட்டுகிறானா, வேண்டாமென்றால் போகிறானா என்ற மூன்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மொத்தமாக அனுப்பப்படும் வியாபார மின்னஞ்சல் இம்மூன்றிலும் தவறுகிறது.

முதலாவது, செலவு. அனுப்புகிறவனுக்கு ஒரு கடிதத்துக்கும் 10,000 கடிதத்துக்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான். பெறுகிறவர்கள் ஒவ்வொருவரும் அதைப் பார்த்து, இன்னதென்று அறிந்து, அழிப்பதற்கு அரை நிமிஷம் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். 10,000 பேருக்கு அது 83 மணி நேரத்துக்கு மேலாகிறது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக ஒருவன் பத்து நாள் வேலை செய்யும் பொழுது அது. அவ்வளவையும் செலவிட்டவர்கள் கடிதம் பெற்றவர்கள்; இலாபமோ அனுப்பினவனுக்கு. கூலி கொடாமல் பிறருடைய பொழுதை வாங்குவதற்கு நம் நாட்டில் வெட்டி என்று பெயர். கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976-ல்தான் ஒழிந்தது; அம்மலையடிவாரத்தில் வாழ்கிறவருக்கு அச்சொல்லின் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை. அக்கொடுமையையும் இச்சிறு தொல்லையையும் ஒரே தராசில் வைக்க நாம் துணியோம். ஆயினும் ‘உன் பொழுது எனக்குச் சொந்தம், உன்னைக் கேட்க வேண்டியதில்லை’ என்னும் எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

தபால் இலாகாவில் ‘பேரிங்’ கடிதம் என்று ஒன்றுண்டு. தபால்தலை ஒட்டாமல் ஒருவன் கடிதம் போட்டால், குறைந்த தொகையைப்போல் இரு மடங்கு பெறுகிறவரிடம் வசூலிப்பார்கள். ஆனால் அங்கே ஒரு நியாயம் இருந்தது. வாங்க மாட்டேன் என்று தபால்காரரிடம் சொல்லித் திருப்பிவிட உமக்கு உரிமையுண்டு. கேளாமல் வரும் மின்னஞ்சலோ உமது பொழுதை வாங்கிக்கொண்ட பிறகே தான் இன்னாரென்று சொல்லுகிறது. பல சமயங்களில் அதையும் சொல்வதில்லை.

இரண்டாவது, முகம். இக்கடிதங்களில் பெரும்பாலானவை அனுப்பினவரின் மெய்யான பெயரையோ ஊரையோ தாங்கி வருவதில்லை. நம் முகவரி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் தெரிவதில்லை. குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போதும், கடையில் பரிசுச் சீட்டுப் பூர்த்தி செய்யும்போதும், வேலைக்கு மனுச் செய்யும்போதும் நாம் நம்பிக்கையோடு எழுதிக் கொடுத்த முகவரி, கைமாறிக் கைமாறிச் சரக்காகிவிடுகிறது. நண்பரிடம் விலை பேசப்பட்ட ஜாபிதா இவ்விதம் சேர்ந்ததல்லவென்று யார் உறுதி கூற முடியும்? திருட்டுச் சொத்தை அறிந்து வாங்குகிறவனும் குற்றவாளியென்று சட்டம் கூறுகிறது. முகவரி சொத்தல்லவென்று வக்கீல்கள் வாதிக்கலாம். தர்மம் அவ்வாதத்துக்குச் செவி சாய்க்காது.

மூன்றாவது, வேண்டாமென்ற சொல். ‘இனி அனுப்ப வேண்டாமென்றால் இங்கே அழுத்தவும்’ என்று கடிதத்தின் கீழே பொடி எழுத்தில் இருக்கும். மோசக்காரனுடைய கடிதத்தில் அதை அழுத்தினால், இம்முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவனுக்கு நாமே சாட்சி சொன்னவர்களாகிறோம். அடுத்த நாள் ஒன்றுக்கு நான்காக வரும். வேண்டாமென்று சொல்வதே வம்பாகும் இடத்தில் மௌனத்தைச் சம்மதமென்று எப்படிக் கொள்வது?

இது எங்கே தொடங்கிற்று?

1978-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி, அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பொரேஷன் என்னும் கம்பெனியின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த காரி தூயர்க் என்பவர், தம் கம்பெனியின் புதிய கணிப்பொறிகளைக் காண வருமாறு சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். இன்றைய இணையத்தின் மூதாதையான அர்ப்பாநெட் வலைப்பின்னல் வழியாக அது சென்றது. அவ்வலைப்பின்னல் ராணுவ இலாகாவின் பொறுப்பிலிருந்தது. கண்டனம் உடனே எழுந்தது. ஆயினும் அதனால் பெருவியாபாரம் நடந்ததென்று தூயர்க் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். கண்டனம் சில நாளில் மறந்து போயிற்று. இலாபத்தை வியாபாரிகள் மறக்கவில்லை.

1994-ல் அரிஜோனாவைச் சேர்ந்த வக்கீல் தம்பதிகள் இருவர், அமெரிக்காவில் குடியேறும் உரிமைச் சீட்டுக்கு மனு எழுதித் தருவதாக, ஆயிரக்கணக்கான இணையச் செய்திக் குழுக்களில் ஒரே விளம்பரத்தை ஒரேயடியாகப் போட்டார்கள். பிறதேசத்து ஏழைகளின் ஆசையே அவர்களுடைய மூலதனம். அவ்விருவரில் ஒருவரான லாரன்ஸ் கான்டரை 1997-ல் டென்னஸி ராஜ்யத்து நீதிமன்றம் வக்கீல் பட்டியலிலிருந்து நீக்கிற்று. கூறப்பட்ட காரணங்களில் இவ்விளம்பரமும் ஒன்று.

பின்னர் பல தேசங்கள் சட்டம் செய்தன. அமெரிக்கா 2003-ல் இயற்றிய சட்டம், முதற் கடிதத்தை அனுப்பலாம், ஆனால் மெய்யான விலாசம் இருக்க வேண்டும், வேண்டாமென்றால் பத்து வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியமோ 2002-லேயே, முன்சம்மதம் இல்லாமல் தனிமனிதருக்கு விளம்பரக் கடிதம் அனுப்பலாகாதென்று விதித்தது. ஏற்கெனவே சரக்கு வாங்கியவருக்கு அதைப் போன்ற சரக்கைப் பற்றி எழுதுவதற்கு மாத்திரம் விலக்களித்தது. கனடாவில் 2014 ஜூலை முதல் அமலிலுள்ள சட்டம், மீறிய கம்பெனிக்கு ஒரு கோடி டாலர் வரையில் அபராதம் விதிக்க இடந்தருகிறது. தமிழும் ஆட்சிமொழியாயுள்ள சிங்கப்பூரில், இது விளம்பரமென்று கடிதத்தின் தலைப்பிலேயே குறியிட வேண்டுமென்று 2007-ம் வருஷத்துச் சட்டம் கட்டளையிடுகிறது.

நம் தேசத்தின் நிலை

நமது சர்க்கார் டெலிபோனைக் கவனித்தார்கள், கடிதத்தைக் கவனிக்கவில்லை. வேண்டாத விற்பனை அழைப்புகளைத் தடுக்க 2007-ல் முதல் விதிகள் வந்தன. 2010-ல், நிதி மந்திரியாயிருந்த பிரணாப் முகர்ஜி எதிர்க்கட்சித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருக்கையில், வீட்டுக் கடன் வேண்டுமா என்று அவருக்கே ஒரு அழைப்பு வந்தது. தேசத்தின் பொக்கிஷத்தைக் காப்பவரிடமே கடன் வேண்டுமா என்று கேட்ட இச்சம்பவத்தைப் பத்திரிகைகள் பெரிதாக வெளியிட்டன. 2010, 2018-ம் வருஷங்களில் விதிகள் மேன்மேலும் கடுமையாக்கப்பட்டன. 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம். 2025-ல் அதற்கான தவணை மூன்று நாளிலிருந்து ஏழு நாளாக நீட்டப்பட்டிருக்கிறது. இவையாவும் டெலிபோன் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்குமே. மின்னஞ்சல் இவற்றின் எல்லைக்கு அப்பால் நிற்கிறது.

மின்னஞ்சலுக்கென்று ஒரு ஷரத்து இருந்ததுண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு, தொல்லை தரும் மின்னஞ்சலையும் அனுப்பினவரைப் பற்றி ஏமாற்றும் மின்னஞ்சலையும் குற்றமாக்கியிருந்தது. அப்பிரிவு எவர்மீது பிரயோகிக்கப்பட்டது? 2012-ல் புதுச்சேரியில், மத்திய மந்திரியொருவரின் குமாரரைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகச் சிறு வியாபாரி ஒருவரைக் கைது செய்ய அது உதவிற்று. இவ்வாறு பல இடங்களில் கருத்துச் சொன்னவர்கள் பிடிக்கப்பட்டனர். 2015 மார்ச் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அப்பிரிவை ரத்துச் செய்தது. நாம் அத்தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால் தெளிவற்ற வார்த்தைகளில் எழுதப்பட்ட அப்பிரிவு ஒழிந்த இடத்தில், வியாபாரக் கடிதத்துக்கு மாத்திரம் பொருந்துமாறு தெளிவாக எழுதப்பட்ட சட்டமொன்றைப் பார்லிமெண்டு இன்றளவும் செய்யவில்லை.

2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு நம்பிக்கை தருகிறது. சம்மதம் சுயேச்சையாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாயிருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். அபராதம் 250 கோடி ரூபாய் வரையில் போகலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. பிரதானக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. எனினும் ஒருவர் தாமே பகிரங்கப்படுத்திய தகவலுக்கு அச்சட்டம் பொருந்தாது. வாடிக்கைக்காரர் எழுதட்டுமென்று கடைப்பலகையிலும் இணையத்திலும் தம் முகவரியைப் போட்டு வைத்திருக்கும் சிறு வியாபாரிக்கு இதனால் பாதுகாப்பு இல்லை. அவருடைய வாசல் திறந்தேயிருக்கிறது.

இதற்கிடையில் காவல் வேலை யார் கைக்குப் போயிருக்கிறது என்பதைத் தேசபக்தர்கள் கவனிக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் தாங்கள் இன்னாரென்று நிரூபிக்க வேண்டும். ஒரே அழுத்தில் விலகும் வழி வைக்க வேண்டும். விலகியவர் பெயரை இரண்டு நாளில் நீக்க வேண்டும். தொல்லையென்று புகார் செய்கிறவர்கள் ஆயிரத்துக்கு மூவரை எட்டலாகாது என்று கூகிள் கம்பெனி விதித்தது. யாஹூவும் அவ்விதமே செய்தது. விதிகள் நல்லவையே. ஆனால் வடக்கனந்தல் விவசாயியின் கடிதப் பெட்டிக்கு எது வரலாம், எது வரலாகாது என்று கட்டளையிடும் பொறுப்பு கலிபோர்னியாவிலுள்ள கம்பெனியினுடையதா, அல்லது அவர் வோட்டுப் போட்டு அனுப்பிய பார்லிமெண்டினுடையதா? அக்கம்பெனி தவறிழைத்து, ஒரு மாணவனுடைய வேலை உத்தரவையே குப்பையில் ஒதுக்கிவிட்டால், அவன் எந்த மன்றத்தில் முறையிடுவான்?

ஏழை வியாபாரியின் வாதம்

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். பெரிய கம்பெனிகள் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் கோடிக்கணக்கில் செலவிட்டு விளம்பரம் செய்கின்றன. மலைத்தேன் விற்கும் சிறு வியாபாரிக்குக் கடிதமொன்றே கருவி. அதையும் பிடுங்கிவிட்டால் சந்தை பணக்காரருக்கே சொந்தமாகாதா? சுதேசி வர்த்தகத்தை வளர்க்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டே சுதேசி வியாபாரியின் வாயை அடைப்பது நியாயமா?

இவ்வாதத்தில் உண்மையுண்டு. அதனால்தான் கேளாமல் எழுதப்படும் கடிதமெல்லாம் பாவமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மொத்தக் கடிதம் ஏழை வியாபாரிக்கு உதவுகிறதென்பது மயக்கம். வெள்ளத்தில் அவருடைய கடிதமும் ஒரு துளியாகிறது. கடன் மோசக்காரனுடைய கடிதமும், லாட்டரி மோசக்காரனுடைய கடிதமும், கல்வராயன் மலைத்தேனைப் பற்றிய உண்மைக் கடிதமும் ஒரே வரிசையில் வந்தால், படிப்பவர் மூன்றையும் ஒன்றாகவே தள்ளுவார். மோசக்காரனுக்கு இழக்க மானமில்லை. நமது நண்பருக்கு இருக்கிறது. சந்தையில் நாணயம் கெட்டபின் முதலில் பட்டினி கிடப்பவர் யோக்கியமான சிறு வியாபாரியே.

ஆகவே நண்பருக்கு நமது யோசனை இது. அந்த ஜாபிதாவை வாங்க வேண்டாம். தேனும் சாமையும் உண்மையில் வேண்டியிருக்கும் கடைகள் இருபதை விசாரித்து அறிந்து, ஒவ்வொன்றுக்கும் தாமே உட்கார்ந்து தனித்தனியே எழுதட்டும். தம் பெயர், ஊர், டெலிபோன் எண் ஆகியவற்றை மேலேயே எழுதட்டும். முகவரி எங்கே கிடைத்ததென்பதை ஒரு வரியில் சொல்லட்டும். சரக்கின் குணத்தைக் கூட்டிக் கூறாதிருக்கட்டும். வேண்டாமென்று பதில் வந்தாலும், பதிலே வராவிட்டாலும், மறுபடி எழுதாதிருக்கட்டும். இருபது கடிதம் எழுத ஒரு நாள் ஆகுமே என்பார். ஆகட்டும், அந்த ஒரு நாள்தான் மூட்டைக்காரர் வெயிலில் நடந்த நடை. விற்க வருகிறவர் தாமும் சிறிது சிரமப்பட்டால், எதிரிலிருப்பவரின் பொழுதுக்கு மதிப்புண்டு என்பதை மறக்க மாட்டார்.

நமக்கும் இது பொருந்தாதா?

இதுவரையில் வியாபாரிகளைக் குறித்தே பேசினோம். இப்பத்திரிகையைப் படிப்பவர்களில் பலர் பொதுவாழ்வில் ஈடுபட்டவர்கள். அவர்களுடைய கைபேசியிலும் ஜாபிதாக்கள் உண்டு. மாநாட்டில் கையெழுத்துப் போட்டவர், மனுக் கொடுக்க வந்தவர், நன்கொடை தந்தவர் ஆகிய எல்லோருடைய எண்களும் தேர்தல் வந்ததும் பிரசாரத்துக்கு இரையாகின்றன. 2024 மார்ச்சில், பிரதம மந்திரியின் கடிதத்தோடு சர்க்காரின் சாதனைகளைக் கூறும் வாட்ஸப் செய்திகள் ஏராளமான பிரஜைகளுக்கு வந்தன. தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னும் அவை வருகின்றனவென்று புகார் எழவே, 21-ந் தேதி தேர்தல் கமிஷன் அவற்றை நிறுத்துமாறு உத்தரவிட்டது. முன்னரே அனுப்பப்பட்டவை தாமதமாய்ச் சேர்ந்தனவென்று இலாகாவினர் சமாதானம் கூறினர். அது மெய்யாகவே இருக்கட்டும். அந்த எண்களை எவரைக் கேட்டு எடுத்தார்கள் என்பதற்குப் பிரஜைகளுக்குத் திருப்தியான விடை வேண்டாமா? ஆளுங்கட்சியைக் கேட்பதோடு நில்லாமல், எல்லாக் கட்சியாரும் தம் நெஞ்சைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

சுதந்திரப் போராட்ட காலத்தில் துண்டுப் பிரசுரங்களைக் கேட்டவருக்கு மாத்திரமா கொடுத்தார்கள் என்று சிலர் வினவலாம். வாஸ்தவமே, கேளாமல்தான் கொடுத்தார்கள். ஆனால் காகிதத்துக்கும் அச்சுக்கும் தம் காசைச் செலவிட்டார்கள். வீதியில் நின்று கையில் கொடுத்தார்கள். போலீஸ் தடிக்கும் சிறைக்கும் தம்மையே பணயம் வைத்தார்கள். சிரமமும் ஆபத்தும் கொடுத்தவருடையவை; வாங்குவதும் வாங்காததும் எதிரே வந்தவருடைய இஷ்டம். பிறருடைய செலவில், பெயர் மறைத்து, ஓரறையில் உட்கார்ந்து லட்சம் பேருக்கு அனுப்புகிறவர்கள் அத்தியாகிகளின் பெயரைத் துணைக்கு அழைக்க யோக்கியதையற்றவர்கள்.

பார்லிமெண்டு செய்ய வேண்டியது அதிகமில்லை. வியாபாரக் கடிதத்துக்கு முன்சம்மதம் வேண்டும். ஏற்கெனவே வாடிக்கையுள்ளவருக்கு விலக்கு இருக்கலாம். அனுப்புகிறவர் பெயரும் ஊரும் மெய்யாக இருக்க வேண்டும். முகவரி ஜாபிதாவை விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரியதாக வேண்டும். ஒருவர் ஒருவருக்குத் தாமே எழுதும் கடிதமும், கருத்தைக் கூறும் எழுத்தும் அச்சட்டத்தின் பிடியில் சிக்கலாகாது. இவ்வளவையும் ஒரு சிறு மசோதாவில் எழுதிவிடலாம். கள்ளக்குறிச்சித் தொகுதியிலிருந்து டில்லிக்குப் போயிருப்பவரிடமும், மற்றத் தமிழ்நாட்டு அங்கத்தினரிடமும் இதைக் கேட்க நேயர்களுக்கு உரிமையுண்டு.

சட்டம் வரும் வரையில் நண்பர் காத்திருக்க வேண்டியதில்லை. இருபது கடிதங்களில் முதலாவதை இன்றே அவர் எழுதலாம். இரண்டு பேராவது பதில் எழுதுவார்களென்று நாம் நம்புகிறோம். எழுதாவிட்டாலும், தமக்கு வந்தால் எதைச் சபிப்பாரோ அதைத் தாம் பிறருக்கு அனுப்பவில்லை என்ற நிம்மதி அவருக்கு இருக்கும்.